முதல் மனுதாரர் யார்?

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று போன மாதம் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நான் வேலை பார்த்த அதே பிரிவில் இப்போது இருப்பவர்கள். "சார், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத இனிமையான அனுபவமா ஒண்ணு எழுதிக் குடுங்க, நாலு பக்கம் போதும்" என்றார்கள். இனிமையாம்! முப்பத்திரண்டு வருஷம் பெட்டிஷன் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் வந்து இனிமையைக் கேட்டால் நான் எங்கே போவேன்? போதாததற்கு, "இப்ப எல்லாமே மாறிப்போச்சு சார், மனுவுக்குப் புது பாரம் அச்சடிச்சிருக்காங்க" என்று பெருமையாக ஒரு தாளை நீட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் கட்டத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, 'முதல் மனுதாரர் பெயர்' என்று. எனக்கு வந்த எரிச்சலில் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

அந்த ஒரு கட்டம் என்னென்ன பாடு படுத்தியது என்று இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது? அதையே எழுதுகிறேன். இனிமை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த ஆபீசு என்று எழுத மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன் நான். முதலில் திண்டிவனத்தில் இருந்தது, யுத்த காலத்தில் எங்கள் பிரிவை மட்டும் விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும். நான் முகையூர்ப் பக்கத்துக்காரன். கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதலாவதாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன். முதல் வருஷம் முழுக்கத் தாளில் ஓட்டை போடவும் நூல் கோர்க்கவும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டிஷன் எப்படிப் போகும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. தபாலில் வந்ததும் முத்திரை குத்தி நம்பர் போட வேண்டும். யார், எந்த ஊர், என்ன கேட்கிறார் என்று பெரிய நோட்டில் ஏற்ற வேண்டும். பிறகு அந்த மனுவையே அந்த ஊர் மணியக்காரருக்கு அனுப்பி, இதைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று ரிப்போர்ட் கேட்க வேண்டும். மணியக்காரர்மீதே புகார் என்றாலும் அவருக்கேதான் போகும்! ரிப்போர்ட் வந்ததும் எங்களுக்கு மேலதிகாரியான சிரஸ்தார் மேஜைக்குப் போகும். கடைசியில் பதில் என்று ஒன்று எழுதினால் அது முதல் மனுதாரர் பேருக்குப் போகும். நூறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதில் ஒன்றுதான், முதலாவதாக இருக்கிறவருக்குத்தான். அந்த ஒருவர் ஊரில் இல்லை என்றால் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் இல்லை என்றே கணக்கு. மனுவின் தலைமாட்டில் 'லாட்ஜ்', அதாவது மேல் நடவடிக்கை இல்லை, என்று எழுதி, நாடாவால் கட்டி, அலமாரியில் போட்டுவிடலாம்.

இந்த விதிகளுக்கெல்லாம் காவல் தெய்வமாக எங்கள் சிரஸ்தார் குப்புராவ் இருந்தார். அவரைப் போல ஒரு யோக்கியரை நான் பார்த்ததில்லை, அவரைப் போல எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றியவரையும் பார்த்ததில்லை. யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். பத்தரை மணி ஆபீசுக்குப் பத்துக்கே வருவார். நாற்காலியைத் தன் துண்டால் தானே துடைப்பார். டிராயரிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் தேய்த்து, வலது கைப்பக்கம் வைப்பார். கைநாட்டு வைத்த மகஜர் வந்தால் அவருக்கு அன்றைக்குத் திருவிழா. கண்ணாடியை ஒவ்வொரு கைநாட்டின் மேலும் பிடித்து, ஒரே ஆள் இரண்டு தடவை விரலை வைத்திருக்கிறானா என்று பார்ப்பார். வைத்திருந்தால் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. இப்படி ஒரு நாள் முழுக்க உழைப்பார். சாயங்காலம் நிமிர்ந்து, "பெட்டிஷன்!" என்று என்னைக் கூப்பிடுவார். என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. "எல்லாம் சுத்தமா இருக்கு. ஒரு குத்தமும் இல்லை. லாட்ஜ் பண்ணிடும்."

குற்றமே இல்லாததை எதற்கய்யா அலமாரியில் போட வேண்டும்? கேட்டால், "நமக்கு அதிகாரம் இல்லை, ஓய்" என்பார். முடிந்தது.

யுத்தம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் ஓடைப்பாக்கத்திலிருந்து அந்த மகஜர் வந்தது. விக்கிரவாண்டி ஸ்டேஷனில் இறங்கி வரப்பிலும் வண்டிப்பாட்டையிலும் நடந்தால் வரும் ஊர் அது. தாளின் நடுவில் பத்து வரி, நல்ல கையெழுத்து. அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் மேல் வரிசையாக முப்பத்தெட்டுக் கைநாட்டு. மேலே கீழே என்று ஒன்றும் இல்லை. பிரித்ததும் தாளை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

கேட்டிருந்தது இரண்டே இரண்டு. ஓடைக்கு அக்கரையில் கொல்லைமேட்டு ஆஸ்பத்திரிக்குப் பதிமூன்று படிகள் இருக்கின்றன, கட்டிலில் தூக்கி வரும் நோயாளியை அதில் ஏற்ற முடியவில்லை, படிக்குப் பக்கத்தில் சரிவாக ஒரு பாதை போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பிள்ளைப்பேறு பார்க்க ஒரு நர்ஸ் வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் ஏரி உடைத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அதற்காகப் புதுசை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினார்கள். மருந்து நனையாது, ரிஜிஸ்டர் நனையாது, டாக்டர் நாற்காலி நனையாது. நோயாளி எப்படி மேலே வருவான் என்று மட்டும் ஒருத்தனும் நினைக்கவில்லை. பிளான் போட்ட புண்ணியவானுக்கு ஆயுளில் ஒரு நாள் காய்ச்சல் வந்ததில்லை போலிருக்கிறது.

குப்புராவ் தாளை மேஜையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். "என்னய்யா இது? எது தலை, எது வால்?"

"வட்டமா வச்சிருக்காங்க சார்."

"அது தெரியறது. முதல் மனுதாரர் யார்?"

"யாரையாவது ஒருத்தரை முதல்னு எடுத்துக்கலாமே சார்."

"எடுத்துக்கறதுக்கு இது என்ன சுண்டலா? முதல் யாருன்னு அவா சொல்லணும். நாம சொல்லப்படாது." கண்ணாடியை எடுத்து முப்பத்தெட்டையும் பார்த்தார். இரட்டை விரல் இல்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு எழுதினார், 'முதல் மனுதாரர் யார் எனத் தெரியவில்லை. லாட்ஜ்.'

எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு. ரத்தம் சூடு. அந்த ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறி ஓடைப்பாக்கத்துக்குப் போனேன். ஆபீசு ஆள் மனுதாரர் ஊருக்குப் போகக் கூடாது என்று விதி. போனது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. போய்ச் செய்ததுதான் தப்பு.

மனுவை எழுதியவர் அங்கே இருந்த மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சவரிமுத்து. என்னைச் சேரிக்குள் அழைத்துப் போனார். எல்லாரும் கூடினார்கள். ஏன் வட்டமாக வைத்தீர்கள் என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் முன்னால் வந்தார். பேர் அஞ்சலை. விதவை, அறுப்புக்கும் நடவுக்கும் கூலிக்குப் போகிறவர். என் அம்மா வயசு. அன்றைக்கு நான் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன், என்னை அவர் 'சாமி' என்றார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இப்போது எழுதும்போது கூசுகிறது, அதனால் அஞ்சலையம்மா என்றே எழுதுகிறேன்.

"போன தபா கெணறு கேட்டு எழுதிப் போட்டோம் சாமி. முனியன் பேரு மொதல்ல இருந்திச்சி. மணியக்காரரு கூப்புட்டு, 'நீதான் இதுக்கெல்லாம் தலையாடா?'ன்னு கேட்டாரு. அடுத்த போகத்துக்கு முனியனுக்கு ஏரு ஓட்ட நெலம் இல்ல. கெணறும் வரல. அதான் இந்த தபா தலையும் வேணாம் வாலும் வேணாம்னு, சோத்துத் தட்டக் கவுத்துப் போட்டுக் கரியால வட்டம் இழுத்தோம். எவனும் மொதல் இல்ல, எவனும் கடைசி இல்ல."

அந்த யோசனையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. இவ்வளவு மூளை இருந்து என்ன செய்ய? எங்கள் ஆபீசில் வட்டத்துக்கு நம்பர் கிடையாதே! அதைச் சொன்னேன். ஒருத்தர் பேர் முதலில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சரிவு வராது என்று அடித்துச் சொன்னேன். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தனுக்கும் மணியக்காரரிடம் வாரச் சாகுபடி, கூலி, வைக்கோல் என்று ஏதோ ஒரு கட்டு இருந்தது.

"எம்பேரப் போட்டுக்கோ சாமி" என்றார் அஞ்சலையம்மா. "எங்கிட்ட என்னா கீது புடுங்கிக்கினு போறதுக்கு?"

"உனக்கென்ன இதுல இவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"எம்பெரிய பொண்ணு செல்லி. தலப்பெரசவம். ஐப்பசி மழ. நாலு பேரு கட்டில்ல வச்சித் தூக்கிக்கினு, மாருமுட்டும் தண்ணியில ஓடையத் தாண்டிட்டாங்க சாமி. ஓடையில ஒண்ணும் ஆவல. இந்தப் படிகிட்ட வந்து நிக்கிறோம். மேல நின்னுக்கினு கம்பவுண்டரு, 'என்னா நோவு?'ன்னு கேக்கறாரு. 'புள்ள வலி சாமி, ரெண்டு நாளா'ங்கறேன். 'மேல இட்டாந்தாதான் டாக்டரு பாப்பாரு'ங்கறாரு. பாசி புடிச்ச படி. முன்னால கீறவன் ஏறுனா, பின்னால கீறவன் கட்டில தலைக்கு மேல தூக்கணும். அஞ்சாவது படில கட்டிலு சாஞ்சிடுச்சி. அப்புறம் கீழயே எறக்கி வச்சிக்கினு கூவறோம், கூவறோம். டாக்டரு எறங்கி வர்றதுக்குள்ள பொண்ணும் இல்ல, புள்ளயும் இல்ல." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வைத்தியம் இல்லாம அவ சாவல சாமி. வைத்தியம் பதிமூணு படிக்கு மேல குந்திக்கினு இருந்திச்சி. சின்னவ பச்சையம்மா கீறா, எட்டு வயசு. நாளைக்கு அவளுக்கும் இந்தப் படிதான?"

சவரிமுத்து வாத்தியார் புதுத் தாளில் எழுதினார். அஞ்சலையம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி முதலாவதாக வைத்தார். அழகான கைநாட்டு. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. மற்றவர்கள் அதற்குக் கீழே வரிசையாக வைத்தார்கள். பெரிய காரியம் சாதித்துவிட்ட தோரணையில் நான் ரயிலேறினேன்.

மனு தபாலில் வந்தது. நானே முத்திரை குத்தினேன், நானே நம்பர் போட்டேன். நானே உறையில் போட்டு, அரக்கு வைத்து, ரிப்போர்ட்டுக்காக ஓடைப்பாக்கம் மணியக்காரருக்கு அனுப்பினேன். படித்த முட்டாள் என்று சொல்வார்களே, அது நான்தான். முனியன் கதையைக் காதாரக் கேட்டுவிட்டு வந்தவன்தான், ஆனாலும் கை பழகின வேலையைக் கை செய்துவிட்டது, மண்டை அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டென்று உறைத்தது. அதற்குள் உறை போய்ச் சேர்ந்துவிட்டது.

மணியக்காரர் அடிக்கவில்லை, திட்டவில்லை. இந்த அம்மாளைக் கூலிக்குக் கூப்பிடக் கூடாது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஒருத்தரும் கூப்பிடவில்லை. நாலு மாசம் தாக்குப் பிடித்துவிட்டு, சின்னப் பெண்ணைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, அஞ்சலையம்மா ஊரைவிட்டே போய்விட்டார் என்று வாத்தியார் எனக்குக் கடிதம் எழுதினார். எங்கே போனார் என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை. கேட்கப் பயம்.

மனு மட்டும் ஜாம்ஜாம் என்று ஊர்வலம் போனது. நர்ஸ் விஷயம் வேறு பிரிவாம், அதை வெட்டித் தனியாக அனுப்பினார்கள். அது எந்த அலமாரியில் செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரிவு விஷயம் ஒரு என்ஜினீயரிடம் போனது. அவர் ஒரு வருஷம் வைத்திருந்து எழுதினார், 'கட்டிலில் வரும் நோயாளிகள் கட்டிலைவிட்டு இறங்கிப் படியேறி வந்தால் சரிவு தேவைப்படாது.' நான் கற்பனை பண்ணவில்லை, சத்தியமாக இப்படித்தான் எழுதியிருந்தார். இன்னொருவர், சரிவு போட்டால் ஆடு மாடு ஏறிவரும் என்று எழுதினார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. கட்டுமானம் எல்லாம் நிறுத்தம். கல்லும் சுண்ணாம்பும் அந்த ஊரிலேயே கிடக்கிறது, ஹிட்லர் வந்தா அதை எடுத்துக்கொண்டு போகப்போகிறான்? சொன்னால் யார் கேட்பது?

யுத்தத்தின் நடுவில்தான் எங்கள் பிரிவை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். அலமாரி, கட்டுகள், குப்புராவ், பூதக்கண்ணாடி, நான், எல்லாரும் ஒரே ரயிலில் போனோம். விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் மேலேயிருந்து உத்தரவு வந்தது. சரிவு மஞ்சூர், அனுமதி கிடைத்துவிட்டது! எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் கடைசி வரியில் ஒரு கொக்கி இருந்தது. மனு மிகப் பழையது என்பதால், இந்தச் சரிவு இன்னும் தேவைதானா என்று முதல் மனுதாரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ஓடைப்பாக்கத்துக்குக் கடிதம் போனது. மணியக்காரர் திருப்பி அனுப்பினார், 'இந்தப் பேரில் இவ்வூரில் யாரும் இல்லை.' அவர் வயலில் முப்பது வருஷம் நடவு நட்டவருக்குப் பேர் இல்லையாம்!

குப்புராவ் பென்சிலை எடுத்தார். "முதல் மனுதாரர் இல்லை. அப்புறம் என்ன? லாட்ஜ்..."

"ஒரு வாரம் டயம் குடுங்க சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விதியிலே பதினஞ்சு நாள் இருக்கு. எடுத்துக்கும்" என்றார்.

வாத்தியாருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. அஞ்சலையம்மா விழுப்புரத்தில்தான் இருக்கிறார், ஜங்ஷனில் கரி அள்ளுகிறார் என்று. அட கடவுளே! எங்கள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருந்திருக்கிறார்.

எஞ்சின்களிலிருந்து கொட்டுகிற சூட்டுச் சாம்பலைச் சலித்து, எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கும் பெண்கள் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உத்தரவைப் பற்றிச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்தார்.

"கட்டறாங்களா? நெசமா?"

"உன் கைநாட்டு ஒண்ணு வேணும். சரிவு இன்னும் தேவைதான்னு."

"பத்து வெரலும் வைக்கறேன் சாமி." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அன்னிக்கி எம்பேர மொதல்ல போடணும்னு சொன்னியே, அதக் கொண்டும்போய் மணியக்காரரு கையிலயே குடுப்பேன்னு ஏன் சொல்லல?"

நான் என்ன சொல்வேன்? முறை என்றா? விதி என்றா? "தப்பு பண்ணிட்டேன்" என்றேன். என் சர்வீசில் நான் மனசார ஒப்புக்கொண்ட ஒரே தப்பு அது. அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி வா, மேஸ்திரி பாத்தா பேஜாரு" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

குப்புராவ் மேஜைமேல் மைப்பெட்டி இருந்தது. அஞ்சலையம்மா விரலை வைத்தார். குப்புராவ் பழைய மனுவையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒத்துவரலையே" என்றார். "பழசுலே ரேகை இருக்கு. இதுலே ரேகையே இல்லை, மைதான் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். சூட்டுக் கரியும் சாம்பலும் அந்த விரலைத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டிருந்தன. இன்னொரு தடவை வைத்தார், அழுத்தி வைத்தார், இடது கையை வைத்தார். எல்லாம் பொட்டுதான்.

"நான்தான் சாமி அது" என்றார் அஞ்சலையம்மா. "எம்பொண்ணு செத்த படி அது. வேற எவ வருவா இதக் கேட்டுக்கினு?"

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலைம்மா. கை ஒத்துவரலைன்னு சொல்றேன்." குப்புராவ் என்னைப் பார்த்தார். "இவளை அடையாளம் தெரிஞ்ச ஒருத்தர், எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், சாட்சி போட்டா விதி இடம் கொடுக்கறது. யாராவது இருக்காளா?"

வாத்தியார் வரலாம். அதற்காக இந்த அம்மாள் இன்னொரு நாள் மேஸ்திரிக்குத் தெரியாமல் வர வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். 'இவரே முதல் மனுதாரர் அஞ்சலை என்பதை நான் நேரில் அறிவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

குப்புராவ் அதைப் படித்தார். "எப்படி அறிவீர்?"

"மனு எழுதின அன்னிக்கு நான் அந்த ஊர்ல இருந்தேன் சார்."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சாட்சி விதிப்படி சரியா இருக்கு. வேலையை ஆரம்பிக்க எழுதிடறேன். மனுதாரர் ஊருக்கு நீர் போனது விதிப்படி தப்பு. உமக்கு மெமோ கொடுக்கறேன்." ஒரே பேனாவால், ஒரு தடவை மை தொட்டு, இரண்டையும் எழுதினார். எனக்கு வரவேண்டிய பிரமோஷன் மூன்று வருஷம் தள்ளிப்போனது. போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் எழுத வரவில்லை, அன்றைக்கு அவர்மேல் எனக்கு வயிறெரிந்தது.

சரிவைக் கட்டி முடித்தார்கள். சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் திறப்பு விழா நடந்தது. வாழை மரம், மாலை, பேச்சு. அஞ்சலையம்மாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நானும் போகவில்லை. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், மாட்டு வண்டியே ஏறலாம் என்று வாத்தியார் எழுதினார். அதுதான் வினை. ஆடு மாடு ஏறிவிடும் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகானுபாவர் எழுதினாரே, அந்தக் குறிப்பைக் கட்டிலிருந்து எவனோ தோண்டி எடுத்துவிட்டான். சரிவின் வாயில் இரண்டு கல்லை நட்டார்கள். நடுவில் ஒரு ஆள் போகலாம். ஆடு போகலாம். கட்டில் போகாது!

கட்டில் போவதற்காகக் கட்டிய சரிவில் கட்டில் போகாதபடி கல்! தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா? கல்லை எடுக்கச் சொல்லி வாத்தியார் இன்னொரு மனு அனுப்பினார். அதற்கு நம்பர் போட்டேன். அது கிளம்பிப் போனது, எங்கே என்று கேட்காதீர்கள்.

சில மாசம் கழித்து, கொல்லைமேட்டுக் கம்பவுண்டரிடமிருந்து ஒரு புகார் வந்தது. 'ஓடைப்பாக்கத்து ஆட்கள் பட்டப்பகலில் கூட்டமாக வந்து, தடுத்தும் கேளாமல், சரிவில் நட்டிருந்த சர்க்கார் கல் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். முதலில் கை வைத்தவனைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும்.' சர்க்கார் சொத்து என்றால் ஜெயில். குப்புராவ் ஓடைப்பாக்கத்தாருக்கு நோட்டீசு அனுப்பினார், கல்லை முதலில் பிடுங்கியவர் யார் என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று.

எட்டாம் நாள் பதில் வந்தது. உறையைப் பிரித்தேன். தாளின் நடுவில் சவரிமுத்து வாத்தியாரின் கையெழுத்து. சுற்றிலும் ஒரு பெரிய வட்டம், சோற்றுத் தட்டைக் கவிழ்த்துக் கரியால் இழுத்தது. வட்டத்தைச் சுற்றிக் கைநாட்டுகள். முன்னைவிட அதிகம்.

நடுவில் நாலே வரி. 'பச்சையம்மாளைத் தலைப்பிரசவத்துக்குக் கட்டிலில் கொண்டு வந்தோம். கல் இருந்ததால் கட்டில் போகவில்லை. கல்லை நாங்கள் எல்லாரும் பிடுங்கினோம். தாயும் பிள்ளையும் சுகம்.'

அஞ்சலையம்மா ஊரில் விட்டுப் போன சின்னப் பெண்! நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு கொண்டுபோய்க் குப்புராவ் முன்னால் வைத்தேன்.

அவர் தாளை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். கண்ணாடியைத் துடைத்து எடுத்து, ஒவ்வொரு கைநாட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் கண்ணாடி நின்றது. நான் குனிந்து பார்த்தேன். வட்டத்தில் மற்ற எல்லாவற்றிலும் ரேகை இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் மைதான் இருந்தது.

"இது யாருது?" என்றார்.

அந்த விரலை நேரில் அறிவேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்து மெமோ வாங்கியவன் நான். அந்தத் தாள் அவருக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

குப்புராவ் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை டிராயரில் வைத்து மூடினார்.

"எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்து எழுதினார், 'முதலில் கை வைத்தவர் யார் எனத் தெரியவில்லை. லாட்ஜ்.'